பாடிபோர்டிங் கற்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கோவளம், மாமல்லபுரம் கரைகளை முன்வைத்து

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃபிங் கற்பவர்களை இன்று எந்த வார இறுதியிலும் காணலாம். பலகையில் நின்று சறுக்கும் அந்த விளையாட்டோடு ஒப்பிட்டால், குப்புறப் படுத்தபடி அலையில் வரும் பாடிபோர்டிங்கை நம் ஊரில் அறிந்தவர்கள் குறைவு. கடலுக்குப் புதியவர்கள் அலையோடு பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. பலகையைத் தொடுவதற்கு முன்பு கரையில் நின்று கடலைப் பார்க்கக் கற்க வேண்டும் என்பதிலும் எனக்கு அதே உறுதி உண்டு. கீழே உள்ள விடைகள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பாடிபோர்டிங் என்றால் என்ன? சர்ஃபிங்கிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள, நுரைப்பொருளால் ஆன பலகையின்மேல் மார்பையும் வயிற்றையும் பதித்துக்கொண்டு, உடையும் அலையின் விசையில் கரையை நோக்கிச் சறுக்கி வருவதே பாடிபோர்டிங். சர்ஃபிங்கில் ஓடும் பலகையின்மேல் எழுந்து நிற்கப் பழகுவதற்கே கணிசமான காலம் செலவாகிறது. பாடிபோர்டில் அந்தத் தடை கிடையாது. முதல் நாளிலேயே அலை உங்களைத் தூக்கிச் செல்வதை உணர்ந்துவிடலாம் என்பதால், மீதமுள்ள கவனம் முழுவதையும் அலையைக் கற்பதில் செலுத்த முடிகிறது.

ஹவாய்த் தீவுகளில் மரப்பலகையின்மேல் குப்புறப் படுத்து அலையில் வரும் வழக்கம் மிகப் பழமையானது. அந்தப் பலகையை அவர்கள் பைப்போ என்கிறார்கள். இன்றைய நுரைப் பலகையை உருவாக்கியவர் டாம் மோரி என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் 1971 ஜூலை 7 அன்று ஹவாயின் பெரிய தீவில், தம்மிடம் இருந்த பாலிஎத்திலீன் நுரைத் துண்டு ஒன்றை வெட்டி, அதன்மேல் செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி வடிவம் கொடுத்தார். நம் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளும் உடைந்த மரப்பலகையையோ தெர்மகோல் துண்டையோ மார்புக்கடியில் வைத்துக்கொண்டு அலையில் வருவது கடற்கரையில் வளர்ந்தவர்கள் கண்டிருக்கக்கூடிய காட்சிதான். ஆகவே இதை முற்றிலும் அந்நியமான விளையாட்டாகக் கருத வேண்டியதில்லை.

இது சிறுவர்களுக்கான விளையாட்டுத்தானே?

இல்லை. சிறுவர்களும் எளிதில் தொடங்கலாம் என்பது உண்மை. ஆனால் ஹவாயின் ஓஹு தீவின் வடகரையில் உள்ள பைப்லைன் போன்ற உலகின் மிகக் கடுமையான அலைகளில் பாடிபோர்ட் வீரர்கள் பல பத்தாண்டுகளாகச் சறுக்கி வருகிறார்கள். ஒன்பது முறை உலக வாகையர் பட்டம் வென்ற மைக் ஸ்டூவர்ட் அங்கே பெயர் பெற்றவர். தொடங்குவது எளிது, தேர்ச்சிக்கு எல்லை இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. பலகை மிதக்கும் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு கற்கலாமா?

கற்கக் கூடாது. இந்த ஒரு விடையில் மட்டும் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை.

பலகை மிதக்கும், ஆனால் அது உயிர்காப்புக் கருவி அன்று. அலை அடிக்கும்போது அது கையிலிருந்து பிடுங்கப்படும். உங்களையும் பலகையையும் இணைக்கும் கயிறான லீஷ் அறுந்துபோகலாம், அல்லது அதன் ஒட்டுப்பட்டை கழன்றுபோகலாம். அந்தக் கணத்தில் நீங்கள் பலகை இல்லாத மனிதராகவே கடலில் இருப்பீர்கள். பலகை இல்லாமல் எந்த இடத்திலிருந்து உங்களால் கரைக்குத் திரும்ப முடியுமோ, அந்த இடம்வரைதான் பலகையோடும் செல்லலாம். நீச்சல் குளத்தில் நிற்காமல் 100 மீட்டராவது நீந்தவும், கால் தரையில் படாத ஆழத்தில் பதற்றமின்றிச் சில நிமிடங்கள் மிதக்கவும், தலைக்குமேல் தண்ணீர் கொட்டும்போது மூச்சை அடக்கவும் முடிந்த பிறகு கடலுக்கு வாருங்கள். கிணற்றிலும் ஏரியிலும் நன்றாக நீந்துபவர்கள்கூட அலையிலும் நீரோட்டத்திலும் திணறிப்போவதுண்டு. ஆகவே, நீச்சல் தெரிந்தவர்களும் முதல் சில நாள்கள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எந்தக் கடற்கரையில் கற்கலாம்? மெரினாவில் முடியாதா?

மெரினா வேண்டாம். அங்கே கரை செங்குத்தாக இறங்குகிறது. அலை கரையோரத்திலேயே உடைந்து, திரும்பும் தண்ணீர் காலை வாரிவிடுகிறது. அங்கே நிகழ்ந்த உயிரிழப்புகள் காரணமாகக் காவல் துறை கடலில் இறங்குவதற்கே தடை விதித்திருக்கிறது.

தொடங்குபவருக்குத் தேவையான கரைக்குச் சில இயல்புகள் உண்டு. அடி மணலாக இருக்க வேண்டும். பாறையோ சிப்பி படிந்த கல்லோ இருக்கக் கூடாது. கரை மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் அலை தொலைவிலேயே உடைந்து, நெடுந்தூரம் வெண்ணுரையாக உருண்டு வரும். உயிர்காப்பாளரோ பயிற்சி பெற்ற சர்ஃபிங் ஆசிரியரோ கண்ணுக்கெட்டிய தொலைவில் இருக்க வேண்டும். கோவளத்தை நான் முதலில் சொல்வது இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான். அந்த ஊர் மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃபிங் பள்ளியும் அதன் பின் வந்த பிற பள்ளிகளும் அங்கே இயங்குகின்றன. அந்த மண்ணிலேயே பிறந்து அந்த அலையிலேயே வளர்ந்தவர்கள் கற்பிக்கிறார்கள். கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்றிதழும் பெற்றது. ஒரு பள்ளியின் ஆசிரியரிடம் முதல் இரண்டு மூன்று வகுப்புகளைக் கற்றுவிட்டு, அவர் காட்டும் மணற்பகுதியிலேயே தொடர்வது எல்லாவற்றையும்விட நல்லது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பாறைகள் உள்ள இடங்கள் இருப்பதால், அலை அழகாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தில் இறங்கிவிடக் கூடாது.

தவிர்க்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பைத் தடுப்பதற்காகக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் அருகே நீரோட்டம் திசைமாறிக் கடலுக்குள் இழுக்கும்; பலகையோடு சேர்த்து உங்களைக் கல்லில் மோதவும் செய்யும். அடையாறு, முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களில் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் மாறும்போது நீரின் விசை கடுமையாக இருக்கும். பெருமழைக்குப் பின் நகரத்துக் கழிவுநீரும் அவற்றின் வழியாகவே கடலில் சேர்கிறது. மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள்கள் கழியும்வரை அந்தப் பக்கம் போகாமலிருப்பது உடல்நலத்துக்கு நல்லது.

இலங்கையில் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. கிழக்குக் கரையின் அறுகம்குடாவில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல அலைக் காலம். ஆனால் அங்குள்ள புகழ்பெற்ற முதன்மை அலை பாறைமேல் உடைவது, புதியவர்களுக்கு உரியதன்று. தென்கரையில் உள்ள வெலிகம விரிகுடா, நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மணல் அடியும் மென்மையான அலையும் கொண்டதாகத் தொடங்குபவர்களுக்கு மிகவும் ஏற்றது.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது நல்லது?

நம் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காலம் கற்பதற்கு உரிய காலம் அன்று. வாடைக் காற்று கடலைக் கலக்குகிறது, புயல் சின்னங்கள் உருவாகின்றன, அலைகள் ஒழுங்கின்றி நெருக்கமாக வந்து மோதுகின்றன. ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியடைந்திருக்கும். முதன்முறை இறங்குபவருக்கு இதுவே சிறந்தது. மே முதல் செப்டம்பர் வரை தென் இந்தியப் பெருங்கடலில் உருவாகும் நெடுந்தூர அலைகள் நம் கரையை எட்டுகின்றன. ஓரளவு பழகியவர்கள் விரும்பும் காலம் அது.

நேரத்தைப் பொறுத்தவரை விடிந்தவுடன் சென்றுவிடுங்கள். கோடையில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிரே வரும் அலையின் முகத்தை அது நிமிர்த்தி வழவழப்பாக்குகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பியதும் அலைகளின் முகம் கலைந்து, எங்கு உடையும் என்று கணிக்க முடியாதபடி ஆகிவிடும். வெயிலும் அதற்குள் தாங்க முடியாததாகிவிடும். ஏற்றவற்றத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சென்னையை ஒட்டிய கரையில் அதன் வேறுபாடு பெரிய நாள்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆயினும் ஏற்றத்தின் உச்சத்தில் அலை கரையின் சரிவிலேயே வந்து உடைவதையும், நீர் வற்றும்போது அதே அலை சற்றுத் தள்ளி மணல் திட்டின்மேல் உடைவதையும் காணலாம். புதியவருக்கு இரண்டாவது நிலையே ஏற்றது.

அலையைப் பார்த்து எதை அறிந்துகொள்ள வேண்டும்?

கரைக்கு வந்ததும் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அது வீணான நேரம் என்று எண்ண வேண்டாம். அந்த இருபது நிமிடமே அன்றைய பயிற்சியின் மிக முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன்.

முதலில், அலை எங்கே உடைகிறது என்று பாருங்கள். நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் அலை நிலைதடுமாறி உடைகிறது. அரை மீட்டர் அலை முழங்காலுக்குச் சற்று மேலான ஆழத்தில் உடையும். ஒரு மீட்டர் அலை மார்பளவு ஆழத்தில் உடையும். ஆகவே அலை உடையும் இடமே அடியில் உள்ள மணலின் ஆழத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அடுத்து, எப்படி உடைகிறது என்று பாருங்கள். முகட்டிலிருந்து நுரை மெல்லச் சரிந்து வழியும் அலை உங்களுக்கு உரியது. சுவர்போல் எழுந்து, நுனி வளைந்து, ஒரே அடியாகக் கீழே விழும் அலை உங்களுக்கு உரியதன்று. அதுவும் முழங்காலளவுத் தண்ணீரில் அப்படி விழுந்தால் அன்று வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மூன்றாவதாக, அலைகளுக்கிடையிலான இடைவெளியை எண்ணுங்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து ஆறு நொடிகளே இருந்தால் அவை அருகில் வீசும் காற்றால் எழுந்தவை. பத்து நொடிகளுக்குமேல் இருந்தால் வெகுதொலைவிலிருந்து வருபவை. கண்ணுக்கு ஒரே உயரமாகத் தோன்றினாலும், தொலைவிலிருந்து வரும் அலையில் நீரின் பெருக்கும் விசையும் மிக அதிகம். மேலும் அலைகள் ஒரே சீராக வருவதில்லை. சில நிமிடங்கள் சிறியவையாக வந்துவிட்டு, பிறகு நான்கைந்து பெரியவை அடுத்தடுத்து வரும். வந்த உடனே இறங்குபவர்கள் சிறிய அலைகளை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி, பெரியவை வரும்போது அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

காற்றே இல்லாத, வானம் தெளிந்த நாளிலும் தொலைதூரப் புயலின் அலைகள் திடீரென வந்து சேரலாம். கள்ளக்கடல் எனப்படும் இந்நிகழ்வைப் பற்றி ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது. புறப்படுவதற்கு முன்பு அந்த மையத்தின் அறிவிப்பைக் கைபேசியில் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எச்சரிக்கை இருக்கும் நாளில் கால் நனைக்கவும் போகக் கூடாது.

எந்தப் பலகையை வாங்குவது?

முதலில் வாங்காதீர்கள்; பயிற்சிப் பள்ளியில் பாடிபோர்ட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, சில நாள்கள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்கும்போது பலகையை நிமிர்த்தி உங்கள் முன்னே நிறுத்தினால் அதன் நுனி தொப்புள் அருகே வர வேண்டும். பெரியவர்களுக்கான பலகைகள் பெரும்பாலும் 40 முதல் 44 அங்குலம்வரை இருக்கும். உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் நீளத்தைவிட அகலத்தையும் தடிமனையும் கவனிக்க வேண்டும். பலகை உங்களைச் சுமக்க வேண்டும், உங்கள் அடியில் அமிழ்ந்துவிடக் கூடாது.

பலகையின் உள்ளே இருக்கும் நுரையான உள்ளீட்டைப் பொறுத்தவரை மூன்று வகைகள் உண்டு. தெர்மகோல் இனத்தைச் சேர்ந்த உள்ளீடு கொண்டவை விலை மலிவானவை. சில மாதப் பயிற்சிக்கு அவை போதும், ஆனால் நடுவில் மடிந்துவிட்டால் சரிசெய்ய முடியாது. பாலிஎத்திலீன் உள்ளீடு மென்மையானது, குளிர்ந்த கடல்களுக்கு ஏற்றது. வெதுவெதுப்பான நீரில் அது மேலும் தளர்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் உள்ளீடு விறைப்பானது. வங்கக் கடலின் நீர் ஆண்டு முழுவதும் 26 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலாகவோ இருப்பதால், நிலைத்து நீடிக்கும் பலகை வேண்டும் என்பவர்கள் பாலிபுரொப்பிலீனையே தேர்ந்தெடுக்கலாம். அடிப்பரப்பு வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் துணி ஒட்டிய அடிப்பரப்பு அலையில் வழுக்காது.

ஃபின், லீஷ் ஆகியவை தேவையா?

லீஷ் முதல் நாளிலிருந்தே தேவை. உங்களுக்காக மட்டுமல்ல, அருகில் குளிப்பவர்களின்மேல் உங்கள் பலகை போய் மோதாமல் இருப்பதற்காகவும். மணிக்கட்டிலோ மேற்கையிலோ கட்டிக்கொள்ளலாம். மேற்கையில் கட்டினால் கை வீச இடையூறு குறைவு.

காலில் அணியும் துடுப்பு போன்ற ஃபின், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பழகும் நாள்களில் தேவையில்லை. ஆழமான இடத்துக்குச் செல்லும் நாளிலிருந்து அது கட்டாயம், ஏனெனில் அலையின் வேகத்தை எட்டிப்பிடிக்கவும் நீரோட்டத்திலிருந்து விலகவும் வெறும் காலின் உதைப்பு போதாது. நீந்திக் குளிக்க விற்கப்படும் நீண்ட ஃபின்களை விட, பாடிபோர்டுக்கென்றே செய்யப்படும் குட்டையான, விறைப்பான ஃபின்கள் பொருத்தமானவை. அவற்றை அணிந்துகொண்டு முன்னோக்கி நடந்தால் இடறி விழுவீர்கள். அலையைத் தோளுக்குமேல் பார்த்தபடி பின்னோக்கி நடந்து இறங்க வேண்டும்.

என்ன உடை அணிவது? பெண்கள் முழு உடையில் கற்க முடியுமா?

தாராளமாக முடியும். நீர் விளையாட்டுக்கான ஒட்டிய மேலாடையான முழுக்கை ராஷ் கார்டும் கணுக்கால்வரை உடலை ஒட்டிய லெகின்ஸும் அணிந்து கற்பவர்களே நம் கரைகளில் அதிகம். உண்மையில் அதுவே அனைவருக்கும் சிறந்த உடை. பலகையின் மேற்பரப்பு வயிற்றையும் உள்ளங்கையையும் உரசும். மார்பில் சிராய்ப்பு ஏற்படும். வெயில் முதுகைச் சுட்டெரிக்கும். ஒட்டிய உடை மூன்றையும் தடுக்கிறது. கூடவே சொறி எனப்படும் ஜெல்லி மீனின் கொடுக்கிழைகளிலிருந்தும் ஓரளவு காக்கிறது. சுடிதார், துப்பட்டா, சேலை, வேட்டி, ஜீன்ஸ், தொளதொளத்த பருத்திச் சட்டை ஆகியவற்றோடு மட்டும் இறங்காதீர்கள். நீரில் ஊறிய துணி கனத்து, கால்களைச் சுற்றி, நீந்தவே முடியாமல் செய்துவிடும். சங்கிலி, கம்மல், மோதிரம் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள் தண்ணீரில் என்ன செய்ய வேண்டும்?

மணலிலேயே தொடங்குங்கள். பலகையை மணலில் வைத்து, அதன் பின்விளிம்பு உங்கள் இடுப்பெலும்பின்மேல், தொப்புளுக்குச் சற்றுக் கீழே வருமாறு குப்புறப் படுங்கள். இரு கைகளும் முன்முனையைப் பிடித்திருக்கட்டும். முழங்கைகள் பலகையின்மேல் ஊன்றியிருக்கட்டும். மார்பு சற்று உயர்ந்து, பார்வை நேரே முன்னால் இருக்கட்டும். கால்கள் சேர்ந்து, தளர்வாகப் பின்னால் நீண்டிருக்க வேண்டும். இந்த நிலையைப் பலமுறை எழுந்து, படுத்து, உடல் தானாகவே சரியான இடத்தில் விழும்வரை பழகுங்கள். தண்ணீரில் இதைச் சிந்திக்க நேரம் இருக்காது.

பிறகு இடுப்பளவுத் தண்ணீருக்குச் செல்லுங்கள். செல்லும் வழியில் பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்கே பிடிக்காதீர்கள். அலை அதை உங்கள் முகத்திலேயே அடிக்கும். உடலின் பக்கவாட்டில், நுனி அலையை நோக்கியிருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உடைந்து வெண்ணுரையாக உருண்டு வரும் அலையைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் வரும்போது கரையைப் பார்த்துத் திரும்பி, தரையை உதைத்து முன்னோக்கிப் பாய்ந்து பலகையின்மேல் படுத்துவிடுங்கள். நுரை வந்து தொட்ட பிறகு பாய்ந்தால் காலம் கடந்துவிடும். அது உங்களைத் தாண்டிப் போய்விடும். அது தொடுவதற்கு முன்பே நீங்கள் நகரத் தொடங்கியிருக்க வேண்டும்.

அலை தூக்கியதும் பதறி எதுவும் செய்யாதீர்கள். முன்முனையைச் சற்று அழுத்தினால் வேகம் கூடும், சற்று மேலே இழுத்தால் குறையும். இந்த இரண்டை மட்டும் முதல் நாள் உணர்ந்தால் போதும். கரையை நெருங்கி, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வரும் முன்பே பலகையின் பின்பக்கமாக இறங்கிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் நீடிக்க வேண்டாம். கழுத்தும் கீழ்முதுகும் அந்த வளைந்த நிலைக்குப் பழகியிருக்காது. முதுகுத்தண்டுத் தொந்தரவு ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

பலகையின் நுனி தண்ணீரில் குத்தி நான் கவிழ்ந்துவிடுகிறேன். ஏன்?

பெரும்பாலும் பலகையின்மேல் அதிகமாக முன்னேறிப் படுத்திருப்பீர்கள். ஓரங்குலம் இரண்டங்குலம் பின்னுக்கு நகருங்கள். அலை உங்களைத் தூக்கும் கணத்தில் மார்பை உயர்த்தி நுனியைச் சற்று மேலே இழுங்கள். மாறாக, அலை உங்களை எடுத்துச் செல்லாமல் பின்னே விட்டுவிட்டால் அதிகம் பின்தங்கிப் படுத்திருக்கிறீர்கள் என்று பொருள். சுவர்போல் செங்குத்தாக எழும் அலையைத் தேர்ந்தெடுத்திருந்தால், எப்படிப் படுத்தாலும் நுனி குத்தவே செய்யும். அப்போது மாற்ற வேண்டியது அலையை.

உடையாத அலையைப் பிடிக்க எப்போது முயலலாம்? பக்கவாட்டில் போவது எப்படி?

வெண்ணுரையில் பத்துக்கு எட்டுமுறை கட்டுப்பாட்டோடு கரைவரை வர முடிகிறபோது முயலலாம். அப்போதும் துணைக்கு அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். ஃபின் அணிந்திருக்க வேண்டும். அலை உடையும் இடத்துக்குச் சற்று வெளியே காத்திருந்து, முகடு எழுந்து உங்களை நெருங்கும்போது இடுப்பிலிருந்து காலை உதைத்து வேகம் எடுங்கள். ஃபின் நீருக்கு வெளியே தெறித்தால் விசை வீணாகும். நீருக்குள்ளேயே உதைக்க வேண்டும்.

நேரே கரையை நோக்கி வந்தால் உடையும் நுரை உங்களை மூடிவிடும். அலை இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ வரிசையாக உடைந்துகொண்டு போவதைக் கவனித்து, இன்னும் உடையாத பக்கத்தை நோக்கித் திரும்ப வேண்டும். வலப்பக்கம் போவதென்றால் வலது கை முன்முனையில், இடது கை இடது ஓரத்தின் நடுவில். வலது முழங்கையை ஊன்றி, எடையை வலது இடுப்புக்கு மாற்றி, போக வேண்டிய இடத்தையே பாருங்கள். தலை திரும்பும் பக்கம் உடலும், உடல் சாயும் பக்கம் பலகையும் செல்லும். அலையின் வழவழப்பான முகத்தில் முதன்முதலில் குறுக்கே ஓடும் அந்தச் சில நொடிகளுக்காகவே பலர் வாழ்நாள் முழுவதும் விடியற்காலையில் கடலுக்கு வருகிறார்கள்.

பிறர் ஏற்கெனவே சறுக்கிவரும் அலையில் குறுக்கே நுழையாதீர்கள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தை எப்படிக் கண்டறிவது? அகப்பட்டால் என்ன செய்வது?

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் எங்காவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையில் உள்ள பள்ளமான வழியில் அது ஒன்றுதிரண்டு ஓடுவதே இந்த இழுப்பு. இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடைவெளி. சுற்றியுள்ளதைவிடக் கருத்த நீர், அல்லது மணல் கலங்கிய நீர். கடலை நோக்கி நகரும் நுரை, குப்பை. இவையே அடையாளங்கள். அமைதியாகத் தெரிவதால் பாதுகாப்பான இடம் என்று எண்ணிக் குடும்பங்கள் அங்கேயே இறங்குவதுதான் கொடுமை.

அகப்பட்டால் முதல் விதி பலகையை விடாதீர்கள் என்பது. லீஷைக் கழற்றிவிட்டு நீந்த நினைப்பது பெருந்தவறு. இரண்டாவது, கரையை நோக்கி நேராக எதிர்த்துப் போராடாதீர்கள். நீச்சல் வீரராலும் அந்த விசையை வெல்ல முடியாது, களைப்புதான் மிஞ்சும். பலகையின்மேல் படுத்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கத்தை நோக்கிக் காலை உதைத்து நகருங்கள். இழுப்பு பெரும்பாலும் அகலம் குறைந்தது. அதைத் தாண்டியதும் அங்கு உடையும் அலைகளே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். நகர முடியவில்லை என்றால் பலகையின்மேலேயே மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள்.

இதைத் தவிர, கரைக்கு இணையாக ஓடும் நீரோட்டமும் உண்டு. சென்னைக் கரையோர மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். கரையில் ஒரு கொடிக்கம்பத்தையோ வண்ணக் குடையையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்குப் பிறகும் அதைத் திரும்பிப் பாருங்கள். நகர்ந்திருந்தால் கரையேறி நடந்து பழைய இடத்துக்கு வாருங்கள்.

எந்தக் காயத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

கழுத்துக் காயத்துக்கு. ஆழமில்லாத நீரில் அலை தலைகீழாகத் தூக்கி மணலில் அறையும்போது அது நிகழ்கிறது. அலை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கரையோரத்திலேயே விழுந்து நொறுங்கும் அலையில் ஒருபோதும் சறுக்காதீர்கள். கவிழும்போது இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு உடலைச் சுருட்டுங்கள். எழும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் நீட்டியபடி எழுங்கள், ஏனெனில் பலகை லீஷின் இழுவிசையில் திரும்பி வரக்கூடும். கழுத்தில் அடிபட்டவரை, மூச்சுக்கு ஆபத்து இல்லாத நிலையில், தலையை அசைக்காமல் தாங்கிப் பிடித்து 108ஐ அழையுங்கள்.

சொறி கொட்டினால்? திருக்கை மிதிபட்டால்?

சொறி பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒட்டியுள்ள இழைகளிலிருந்து மேலும் நஞ்சு வெளிப்படும். கடல்நீரால் கழுவி, இழைகளைத் துணி சுற்றிய விரலால் மெல்ல எடுத்து அகற்றுங்கள். பிறகு தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். மூச்சுத்திணறல், மார்பு வலி, வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். திருக்கைகள் ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் அவை விலகிச் செல்லும். முள் குத்திவிட்டால் சூடான நீர் முதலுதவிதான். முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கக் கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

நீந்தத் தெரிந்த பிள்ளைகள் கற்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தொலைவில், தாமும் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கரையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்தபடி அவ்வப்போது தலையை நிமிர்த்துவது கண்காணிப்பு ஆகாது. பிள்ளைகளுக்கு அவர்களின் தொப்புள் அளவுப் பலகையே கொடுங்கள். வளர்ந்த பிறகும் உதவும் என்று பெரிய பலகை வாங்கினால் அவர்களால் அதைத் திருப்பவே முடியாது.

மீனவர் பகுதிகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நமக்கு விளையாட்டுக் களமாக இருக்கும் கரை அவர்களுக்குத் தொழிலிடம். படகு இறங்கும், ஏறும் தடத்தில் காலையில் நிற்கவே கூடாது. அலையில் ஏறிக் கரைக்கு வரும் ஃபைபர் படகை ஓட்டுபவரால் உங்களுக்காகத் திடீரென நிறுத்த முடியாது. கரைவலை இழுக்கும் இடத்தை விட்டு வெகுதொலைவு விலகியிருங்கள். புதிய இடமானால் இறங்குவதற்கு முன்பு, வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இன்னைக்கு இங்க இறங்கலாமா? இழுப்பு எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், ஏன் என்று விளங்காவிட்டாலும், அன்று இறங்காதீர்கள்.

பலகையை எப்படிப் பராமரிப்பது?

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சென்னைச் சூட்டில் ஒரே நண்பகலில் உள்ளீடும் மேலுறையும் பிரிந்து பலகை கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மேலே கனமான எதையும் வைக்காமல் தட்டையாகக் கிடத்துங்கள். லீஷின் கயிற்றில் கீறல் இருக்கிறதா, ஒட்டுப்பட்டையில் மணல் புகுந்து பிடிப்பு தளர்ந்திருக்கிறதா, பலகையில் அதைப் பிணைக்கும் திருகு ஆடுகிறதா என்பவற்றை வீடு திரும்பிய அன்றே பார்த்துவிடுங்கள். ஐயமிருந்தால் அடுத்த முறை போகும் முன்பு புதியதாக மாற்றிவிடுங்கள்.